பாறைக்கு எட்டாத டோர்ச்

விரல் நீளமே இருந்த அந்தச் சாமானைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததுமே எனக்கு அதன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. பதுளை பஸார் வீதியில் கடிகாரம், கால்குலேட்டர், போன் கவர், குடை எல்லாம் சேர்த்து விற்கிற கடை அது. டோர்ச் இருந்த அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் ஓர் எண் போட்டிருந்தார்கள். அதில் பாதியை நம்பினாலும் எங்கள் தோட்டம் முழுக்க நடுப்பகலாகிவிட வேண்டும். பெட்டியின் மறுபக்கத்தில் ஒருவன் கயிற்றில் தொங்கியபடி பனிமலை ஏறிக்கொண்டிருந்தான். அவன் இடுப்பில் இதே டோர்ச். எங்கள் வீட்டுப் பிள்ளை பனிமலை எதுவும் ஏறப்போவதில்லை. தேயிலைக்கு நடுவே இருக்கிற கல்படியில் இறங்கி பஸ்ஸுக்குப் போகவேண்டும், அவ்வளவுதான். அதற்கு இது ஆகுமா என்று அந்தப் படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை.

விஷயம் என் தங்கச்சியைப் பற்றியது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தவளுக்குப் பதுளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பழக இடம் கிடைத்திருந்தது. வருகிற திங்கட்கிழமை வரவேண்டும், வராவிட்டால் வேறு பிள்ளையைப் போட்டுக்கொள்வேன் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எங்கள் தோட்டம் மடுல்சீமைப் பக்கம். கடை திறக்கிற நேரத்துக்குப் பதுளையில் இறங்கவேண்டுமென்றால் விடிவதற்கு முன்பு புறப்படுகிற ஒரே ஒரு பஸ்ஸைத்தான் பிடிக்கவேண்டும். எங்கள் வீடுகள் ஒரே வரிசையாக இருக்கிற லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்குகிற பாதையில் ஒரு விளக்குக் கம்பம் கிடையாது.

"இருட்டில புள்ளைய அனுப்ப மாட்டேன்" என்று அப்பா சொன்னார்.

வேலைக்கு அனுப்பமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அங்கேதான் உதைத்தது. அப்பாவின் உண்மையான காரணம் இருட்டு இல்லை, இருட்டை முன்னால் நிறுத்திவிட்டு வேறு எதையோ பின்னால் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். இருட்டை அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டால் பின்னால் இருப்பது வெளியே வந்துவிடும் இல்லையா? டோர்ச் வாங்கப் புறப்பட்டது அதற்காகத்தான்.

துணைக்குப் போக வீட்டில் ஆள் இல்லை. நான் மொனராகலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அங்கேயே தங்கிக்கொண்டு, விடுமுறைக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன். அப்பாவுக்குக் காலையில் பெரட்டுக்குப் போகவேண்டும். அன்றன்றைக்கு யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுக்கிற இடம் அது. ரோட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம், மேட்டில் இருக்கிறது. பல வருடம் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலையில் அவருடைய முழங்காலும் போய்விட்டது. அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவள். அடுப்பையும் அவள்தான் பார்க்கவேண்டும்.

போன் வெளிச்சம் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மழையில் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் போன் என்று அந்தப் படியில் இறங்கிப் பார்த்தால் தெரியும். வழுக்கினால் பிடிப்பதற்குக் கை இல்லை. போன் விழுந்து உடைந்தால், பஸ் வரவில்லை என்று வீட்டுக்குச் சொல்லக்கூட வழி இல்லை. சாயந்தரம் திரும்பி வரும்போது போனில் சார்ஜ் இருக்குமென்று யார் சொல்வது?

கடைக்காரர் முஸ்லிம், எங்களுக்கு எல்லாம் நானா. அவரிடம் டோர்ச்சைக் கேட்டேன். எடுத்துக் கையில் வைத்தார். பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கனம் எனக்குப் பிடித்தது. பிடித்ததனாலேயே, உள்ளே சும்மா இரும்புத் துண்டு ஏதும் வைத்து நிரப்பியிருப்பார்களோ என்று ஆட்டிப் பார்த்தேன்.

"என்ன தம்பி, தேங்காயா, ஆட்டிப் பாக்குறீங்க?"

"பெட்டரி கழட்ட ஏலுமா நானா?"

"ஏலும். பின்பக்கத்தத் திருகுங்க. போன் சார்ஜர் வயராலயே சார்ஜ் போடலாம். பொக்கட்ல மாட்டக் கிளிப்பும் இருக்கு."

"தண்ணியில விழுந்தா?"

"ஒண்ணும் ஆகாது."

"போட்டுப் பாத்திருக்கீங்களா?"

நானா சிரித்தார். "நான் என்னத்துக்கு மகன் விக்கிற சாமான தண்ணீல போடுற?"

இருட்டில் பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்றேன். கடைக்குப் பின்னால் குடைகள் அடுக்கியிருந்த சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். சுவர் வெள்ளை. வெள்ளைச் சுவரில் எந்த டோர்ச்சும் நன்றாகத்தான் தெரியும் என்று எனக்குத் தோன்றியது. அதைச் சொல்லவும் செய்தேன். கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பிடித்து, "இதுல அடிச்சுப் பாருங்க" என்றார். அடித்தேன். பிறகு கிளிப்பை இழுத்துப் பார்த்தேன், பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தேன், மூக்கருகே கொண்டுபோய் ரப்பர் வாசம் அடிக்கிறதா என்றும் பார்த்தேன்.

"தம்பி," என்றார் நானா, குடையை மடக்கிக்கொண்டே. "நீங்க டோர்ச் எடுக்க வந்தீங்களா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்க வந்தீங்களா?"

தங்கச்சி இருக்கிறாள் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திடுக்கிட்டேன். அது சும்மா சொன்னது என்று பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. வாங்கிக்கொண்டுதான் வந்தேன்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் ரோட்டில் இறங்கி, பாதையில் ஏற ஆரம்பித்தேன். பனி மூட்டம் கீழிருந்து வந்துகொண்டிருந்தது.

எங்கள் பாதையில் ஒரு பழக்கம் உண்டு. இருட்டில் எதிரே ஆள் வந்தால் அவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கக்கூடாது. கையில் இருக்கிற வெளிச்சத்தைத் தாழ்த்தி, தன் காலிலும் உடம்பிலும் அடித்துக்கொள்ளவேண்டும். நான் இன்னார், பார்த்துக்கொள் என்று அர்த்தம். எதிரே வருகிறவரும் அதேபோல் தன்மேல் அடித்துக் காட்டுவார். இரண்டு பேரும் பார்த்துக்கொண்ட பிறகு அவரவர் வழி. முகத்தில் அடிக்கிறவன் பொலிஸ்காரனாக இருப்பான், அல்லது விறகுக் கட்டோடு வருகிறவர்களை மறிக்கிற புதுக் காவல் ஆளாக இருப்பான், அல்லது வழி தெரியாதவனாக இருப்பான். எப்படியும் நம்ம ஆள் இல்லை. இதை யாரும் யாருக்கும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. நடக்கப் பழகுகிறபோதே கைக்கு வந்துவிடும்.

மேலேயிருந்து ஒரு வெளிச்சம் இறங்கி வந்தது. தோட்டத்துக் காவல்காரர். அவர் தன் டோர்ச்சைத் தாழ்த்தி, கம்பளிக் கோட்டையும் பூட்ஸையும் காட்டினார். நானும் என்னுடையதைக் குறைத்துக்கொண்டு காலில் அடிப்போம் என்று பட்டனை அமுக்கினேன். குறையவில்லை, கூடியது. மறுபடி அமுக்கினேன். இன்னும் கூடியது. அவசரத்தில் இன்னொரு தடவை அமுக்கியதும் சாமான் பைத்தியம் பிடித்த மாதிரி விட்டுவிட்டு மின்ன ஆரம்பித்தது. அதுவும் நேராக அவர் முகத்தில்.

"எவன்டா அது! அணைடா லைட்ட!"

"மாமா, நான்தான்!"

"நான்தான்னா எவன்? ஊர்ல எல்லாரும் நான்தான்!"

"மேல் லயம் மாமா. மாஸ்டர்."

"மாஸ்டரா?" கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "படிச்ச புள்ள, வெளிச்சத்த எங்க அடிக்கணும்னு கூடவா தெரியாது?"

"புது டோர்ச் மாமா. அமுக்க அமுக்கக் கூடுது."

அவர் அதைப் பிடுங்கி, பொத்திய உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் சிவப்பாக மின்னியது. "பொலிஸ் ஜீப்ப கையில புடிச்சுக்கிட்டு வந்த மாதிரில்ல இருக்கு. இம்புட்டூண்டு சாமான்ல என்னாத்துக்கு இவ்வளவு வெளிச்சம்? புதையல் கிதையல் தோண்டுற கூட்டத்தோட சேந்துட்டியா?"

"தங்கச்சிக்கு மாமா. பதுளைக்கு வேலைக்குப் போறா."

"ஓ" என்றார். அந்த "ஓ"வில் என்ன இருந்தது என்று வீடு வந்து சேரும் வரை யோசித்தேன்.

அடுத்த நாள் இருட்டிய பிறகு மழை. மழை வந்தால் எங்கள் லயத்தில் ஒரு வேலை தானாக நடக்கும். ஒவ்வொரு குடும்பமும் இருக்கிற காம்பராவிலிருந்தும் ஒருவர் கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போய், மலையைப் பார்த்து டோர்ச் அடிப்பார். லயத்துக்கு நேர் மேலே ஒரு பெரிய பாறை இருக்கிறது. பாறையும் அதன் அடியில் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானும் இருந்த இடத்தில் இருக்கின்றனவா, மண் வெடித்திருக்கிறதா, கான் தண்ணீர் கலங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்கள் புதைந்துபோன பிறகு வந்த பழக்கம் அது. அதனால் எங்கள் ஆட்களுக்கு டோர்ச் என்றால் ஒரே ஒரு கேள்விதான்: பாறைக்கு எட்டுமா? எட்டினால் நல்ல டோர்ச். எட்டாவிட்டால் பிள்ளைகள் விளையாடுகிற சாமான்.

"எங்க, பாறைய காட்டு" என்றார் அப்பா.

பின்பக்கம் போய், மிகக் கூடிய வெளிச்சத்தில் வைத்து மேலே அடித்தேன். கிட்டே இருந்த கொய்யா மரம் இலை இலையாகத் தெரிந்தது. அதற்கு மேல் இருந்த தேயிலைச் செடிகள் தெரிந்தன. அதற்கும் மேலே வெளிச்சம் விரிந்து விரிந்து ஒன்றுமில்லாமல் போய்விட்டது. பாறை இருந்த இடத்தில் கறுப்புத்தான். அப்பா தன் மூன்று பெட்டரி டோர்ச்சைத் தூக்கி அடித்தார். மஞ்சள் கம்பு ஒன்று நீண்டு போய்ப் பாறையின் நெற்றியில் வட்டமாக உட்கார்ந்தது. சப்பாணி கட்டி உட்கார்ந்த சாமி மாதிரி பாறை அப்படியே இருந்தது.

பக்கத்துக் காம்பரா அண்ணன் கோணிப்பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "மாஸ்டரு டோச்சு எங்க போச்சு? கொய்யாவோட நின்டுருச்சா?"

"கொய்யா பழுத்திருக்கான்னு பாக்க நல்லா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

அப்பா என் கையிலிருந்ததைப் பார்த்தார். "இது எதுக்கு ஆகும்?"

தங்கச்சி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "அப்பா, நான் மலைய பாக்கப் போகல. பஸ்ஸுக்குப் போறேன்."

அப்பா உள்ளே போய்விட்டார். அப்பாவைப் பற்றிய என் சந்தேகம் அன்றைக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டது. பாறையைக் காட்டாத வெளிச்சத்தை அவரால் உண்மையிலேயே நம்பமுடியவில்லை. அது நடிப்பாகத் தெரியவில்லை. ஆனால் நடிப்பில்லை என்று முழுதாக ஒப்புக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் டோர்ச்சைச் சோதிக்க ஆரம்பித்தேன். சீமெந்துப் படியில் போட்டேன். கண்ணாடி உடையவில்லை, ஓரத்தில் ஒரு வடு மட்டும் விழுந்தது. மலையிலிருந்து பீலிக் குழாய் வழியாகத் தண்ணீர் விழுந்து நிரம்புகிற தொட்டிக்குள் எரியவிட்டு அமுக்கி வைத்தேன். தொட்டியின் அடியில் கிடந்த சோப்புத் துண்டும் ஒரு காசும் தெரிந்தன. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்கள். காலில் அட்டை ஏறியபோது டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் அட்டையைப் பிய்த்துப் பார்த்தேன். அது நன்றாக வந்தது. பெரிய டோர்ச்சில் அதைச் செய்யவே முடியாது. ஈரக் கையால் பட்டனை அமுக்கினால் வழுக்குகிறதா என்று பார்த்தேன். கொஞ்சம் வழுக்கியது. அதை மனதில் குறையாகப் போட்டுக்கொண்டேன்.

பெரிய குறை சனிக்கிழமை தெரிந்தது. டவுசர் பொக்கட்டில் போட்டுக்கொண்டு கடைக்குப் போகும்போது தொடை சுட ஆரம்பித்தது. முதலில் ஏதோ பூச்சி கடித்துவிட்டது என்று நினைத்தேன். எடுத்துப் பார்த்தால், பட்டன் எதிலோ அமுங்கி, உள்ளே முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. இதைத் தங்கச்சி பையில் போட்டுக்கொண்டு போய், பகல் முழுக்க அது எரிந்து தீர்ந்து, சாயந்தரம் பாதையில் நின்று அமுக்கினால் என்ன வரும்? வீட்டுக்கு ஓடிவந்து அதைச் சொன்னேன். குரலில் கொஞ்சம் வெற்றிகூட இருந்திருக்கும். குறை கண்டுபிடித்தால் எனக்கு அப்படித்தான் வரும்.

தங்கச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "பின்பக்கத்த கொஞ்சம் திருகி லூசாக்கி வச்சா எரியாதுண்ணே."

"அதை யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நீ தொட்டில முக்கிட்டுக் காயவைக்கக் கழட்டினியே, அப்போ பாத்தேன். பாதி திருகினா அமுக்கினாலும் எரியல."

"சரி, ஆனா குறைக்கணும்னா கூடிக் கூடி மின்னுறதுக்குப் போய்த்தான் திரும்பி வருது. அது ஆபத்து."

"ஒருக்கா கொறச்சு வச்சு அணைச்சிட்டா, அடுத்த முற அதுலதான் எரியுது. நான் கூட்டவே மாட்டேன்."

"பெட்டரி எவ்வளவு நேரம் நிக்கும்னு இன்னும் பாக்கல. நாளைக்கு முழுக்க எரியவிட்டு..."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "அண்ணே. நாளைக்கு ஞாயித்துக்கிழம."

"அதான் சொல்றேன், நாளைக்குப் பாத்துட்டு, தேவைன்னா மாத்தி வேற ஒண்ணு..."

"மாத்துறதுக்கு எப்போ பதுளைக்குப் போவ? திங்கக்கிழமையா? நான் எப்போ போறது?" அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயமா, கோபமா, தெரியவில்லை. "அப்பா போகாதன்னு நேரா சொல்றாரு. நீ டோச்சு சரியில்ல, டோச்சு சரியில்லன்னு சொல்லிச் சொல்லி அதையேதான் செய்ற. அப்பாவோட எனக்குச் சண்ட போடவாவது முடியுது. உன்னோட எப்படிப் போடுறது? எனக்காகத்தானே எல்லாம் செய்ற!"

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "ரெண்டு பேரும் வெளிய போய்ச் சண்ட போடுங்க, ஒல பொங்குது" என்றாள்.

தங்கச்சி சொன்னதை நான் உடனே மறுத்தேன். மறுத்துவிட்டுப் போய் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்தேன். அப்பா மனதில் எதையோ ஒளித்து வைத்திருக்கிறார் என்று துப்பு பார்த்துக்கொண்டு திரிந்தவன், என் பக்கம் ஒரு தரம்கூட வெளிச்சம் அடித்துப் பார்த்ததில்லை. மொனராகலையில் என்னோடு படிப்பிக்கிற டீச்சர்மார் விடியற்காலை பஸ்களில்தான் வருகிறார்கள். அவர்களிடம் நான் எந்த டோர்ச் என்று கேட்டதே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டரியைச் சோதிக்கவில்லை. வேறு ஒன்று செய்தோம். விடிவதற்கு முன்பு எழுந்து, "அப்பா, நீங்களே வந்து பாருங்க. இறங்கிப் போய் ஏறி வருவோம்" என்று கூப்பிட்டேன். மாட்டார் என்று நினைத்தேன். அவர் ஏற்கெனவே முழித்துத்தான் இருந்தார். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, பெரிய டோர்ச்சை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் நான். என் பின்னால் தங்கச்சி, சின்ன டோர்ச்சோடு.

மேல் படிகளில் பனி இல்லை. அப்பாவின் வெளிச்சம் முன்னால் நீண்டு, கீழே தேயிலை ஸ்டோரின் கூரைத் தகரம் வரை போய் வந்தது. "பாத்தியா?" என்றார். இரண்டாவது வளைவில் மூட்டத்துக்குள் நுழைந்தோம். அவ்வளவுதான். அவர் டோர்ச் அடிக்க, எதிரே ஒரு வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. கடை நானாவின் பின்னறைச் சுவர் மாதிரியே. சுவருக்கு அந்தப் பக்கம் படி இருக்கிறதா, பள்ளம் இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அப்பா டோர்ச்சை உயர்த்தினார், ஆட்டினார். வெளிச்சம் முழுதும் திரும்பி எங்கள் கண்ணுக்கே வந்தது.

"அப்பா, கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க" என்றாள் தங்கச்சி.

"நான் இந்தப் பாதையில நடக்கிறப்போ நீ பொறக்கவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஓர் எட்டு வைத்தார். கான் ஓரத்து மண் இடிந்து, ஒரு கால் முழங்கால்வரை கானுக்குள் போய்விட்டது.

நாங்கள் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். தங்கச்சி தன் டோர்ச்சை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைத்து, இடுப்புக்குக் கீழே, கால் மட்டத்தில் பிடித்திருந்தாள். அந்த உயரத்தில் மூட்டம் அதைத் திருப்பி அனுப்பவில்லை. அடுத்த படி தெரிந்தது, அதற்கடுத்த படியும் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நடக்கிறவளுக்கு அந்த இரண்டு படி போதும். பாறைக்கு எட்டாத வெளிச்சம், படிக்கு எட்டியது.

அவள் முன்னால் போனாள். அப்பா அவளுக்குப் பின்னால், தன் டோர்ச்சை அணைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் காலடியைப் பார்த்து நடந்தார். ரோடு வரை போனோம். திரும்பி ஏறும்போது, "அந்த இடத்தில கான் ஒடஞ்சு கெடக்கு. தொரைக்குச் சொல்லிக் கட்டச் சொல்லணும்" என்றார். டோர்ச்சைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் அம்மாவிடம், "புள்ளைக்கு நாளைக்கு ரொட்டி கட்டிக் குடு" என்று சொன்னதை நான் கேட்டேன். கேட்டதை உடனே நம்பாமல், அம்மாவிடம் இன்னொரு தடவை விசாரித்தேன்.

திங்கட்கிழமை தங்கச்சி புறப்பட்டபோது நான் ரோடு வரை வருகிறேன் என்றேன்.

"வேணாம். இன்னைக்கு நீ வருவ. நீ பள்ளிக்கூடத்துக்குப் போனதுக்கு அப்புறம்?"

சரி என்று இஸ்தோப்பில் நின்றேன். அப்பாவும் வந்து நின்றார். அங்கிருந்து பார்த்தால் பாதையின் வளைவுகள் துண்டு துண்டாகத் தெரியும். சின்ன வெளிச்சம் முதல் வளைவில் தெரிந்தது. பிறகு தேயிலைக்குள் மறைந்தது. இரண்டாவது வளைவில் மூட்டத்துக்குள் பால் மாதிரி கலங்கித் தெரிந்தது. அணைந்துவிட்டதோ என்று நினைத்தபோது மறுபடி வந்தது. பட்டனில் ஈரம் பட்டால் வழுக்குமே என்று எனக்கு அந்தக் குறை ஞாபகம் வந்தது. மூன்றாவது வளைவு, ரோட்டுக்கு முன்னால் இருக்கிற பாலத்துக்குக் கொஞ்சம் மேலே. அங்கே கீழ் லயத்திலிருந்து ஒரு கிளைப்பாதை வந்து சேரும்.

அங்கே இரண்டாவதாக ஒரு வெளிச்சம் வந்தது.

கிளைப்பாதையில் நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். தங்கச்சியின் வெளிச்சம் கிட்டே வந்ததும்தான் அது அசைந்தது. காத்திருந்திருக்கிறது.

"யாரு அது?" என்றார் அப்பா. அவர் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை.

நான் செருப்பைத் தேடினேன். ஒரு செருப்புத்தான் காலில் அகப்பட்டது. இந்த நேரத்தில் கிளைப்பாதையில் நிற்கிறவன் யார்? தங்கச்சி போகிற நேரம் யாருக்குத் தெரியும்? காவல்காரரிடம் நானே சொன்னேனே, அவர் யாரிடம் சொன்னாரோ? அந்த "ஓ" ஞாபகத்துக்கு வந்தது. ஒற்றைச் செருப்போடு வாசல் படியில் இறங்கிவிட்டேன்.

"இரு" என்று அப்பா என் தோளைப் பிடித்தார். "பாரு."

அந்த இரண்டாவது வெளிச்சம் மெதுவாகத் தாழ்ந்தது. யார் முகத்துக்கும் போகவில்லை. அதை வைத்திருந்தவரின் மேலேயே திரும்பியது. அவ்வளவு தூரத்திலிருந்து முகம் தெரியவில்லை. ஏதோ ஒரு துணியின் வெளிர்நிறம் மட்டும் ஒரு கணம் தெரிந்தது. உடனே தங்கச்சியின் வெளிச்சமும் தாழ்ந்து, தன்மேல் திரும்பிக்கொண்டது. இரண்டும் அப்படியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்தின் பக்கம் இறங்கின.

அப்பா மூச்சு விட்டார். "நம்ம ஆளுதான்."

"யாருன்னு தெரியாதே அப்பா."

"தெரியாதுதான். ஆனா நம்ம ஆளு."

பஸ் வந்து திரும்பிப் போகிற சத்தம் கேட்கிறவரை நான் படியிலேயே நின்றேன். அப்பா பெரட்டுக்குப் போக நேரமாகியும் போகவில்லை.

சாயந்தரம் அவள் வந்தபோது எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டோம். மருந்துக்கடை எப்படி என்று அம்மா கேட்டாள். நான் அந்த வெளிச்சம் யார் என்று கேட்டேன். கீழ் லயத்துப் பிள்ளை ஒருத்தியாம். தங்கச்சியோடு ஒரே வகுப்பில் படித்தவள். பதுளையில் ஒரு துணிக்கடையில் அவளுக்கும் வேலை சொல்லியிருந்திருக்கிறார்கள். "மேல் லயத்துப் பொண்ணு போனா நீயும் போ, இல்லாட்டி இல்ல" என்று அவள் வீட்டில் ஒரே பேச்சு. புது டோர்ச் பற்றிக் காவல்காரர் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்ததில் அவளுக்கு விஷயம் போயிருக்கிறது. நம்ம பிள்ளை உண்மையிலேயே இறங்கி வருகிறாளா என்று பார்க்க, போனை வைத்துக்கொண்டு கிளைப்பாதையில் வந்து நின்றிருக்கிறாள்.

"போன்லயா வந்தா? மழை வந்தா என்ன செய்வா?" என்றேன்.

"அதான் கேட்டா. எங்க வாங்கினன்னு. உன்னைய கூட்டிட்டுப் போய் வாங்கித் தரச் சொன்னா." தங்கச்சி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "நான் வேணாம்னுட்டேன். எங்க அண்ணன் சரின்னு சொல்றதுக்குள்ள உனக்குப் பென்சன் வந்துரும்னேன்."

அப்பா சிரித்ததை நான் பார்த்தேன். சிரிக்காத மாதிரி வெளியே போனார்.

டோர்ச் சுவர் ஆணியில், அப்பாவின் டோர்ச்சுக்குப் பக்கத்தில் தொங்கியது. அவள் கைகழுவப் போனதும் எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பாதி திருகி லூசாக்கித்தான் வைத்திருந்தாள். அமுக்கிப் பார்த்தேன், எரியவில்லை. இறுக்கி அமுக்கினேன், குறைந்த வெளிச்சத்தில் எரிந்தது. மறுபடி லூசாக்கி, இருந்த இடத்தில் மாட்டினேன். பெட்டரியைப் பற்றி எனக்கு இன்னும் நம்பிக்கை இல்லை. கீழ் லயத்துப் பிள்ளைக்கு வாங்குகிறபோது நானாவிடம் அதைக் கேட்கவேண்டும்.

மறுநாள் விடிவதற்கு முன்பு எழுந்து இஸ்தோப்புக்கு வந்தேன். அப்பா ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருந்தார். கீழே மூன்றாவது வளைவில் இரண்டு வெளிச்சம் தாழ்ந்து நிமிர்ந்தன.

"மழை வருதான்னு பாக்குறேன்" என்றார் அப்பா.

வானத்தில் நட்சத்திரம் இருந்தது. "நானும் அதைத்தான் பாக்க வந்தேன்" என்றேன்.